குறைக்கக் குறைக்க ஏறிய சூடு

துபாயில் பார்த்த மெக்கானிக் வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் எனக்கு அங்கிருந்து போன் வருகிறது. போன வாரம் உங்களில் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, கியர்பாக்ஸ் சூடாகுது. லேப்டாப்பச் சொருகிப் பாத்தாச்சு, ஒரு எரர் கோடும் வரல. வெயில்தான் காரணம்னு எழுதிரவா?" என்றார். பெயரைச் சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வளைகுடாவில் இருக்கிற எல்லாருக்கும் இந்த நோய் உண்டு. பேட்டரி போனால் வெயில், டயர் வெடித்தால் வெயில், ரூமில் ரெண்டு பேர் சண்டை போட்டால் அதற்கும் வெயில். பாவம் அந்தச் சூரியன், அதற்காகப் பேச ஒரு வக்கீல்கூடக் கிடையாது.

அவருக்குச் சொல்ல ஆரம்பித்த கதை பாதியில் லைன் போனதால் அரைகுறையாக நின்றுவிட்டது. இப்போது எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். டூட்டி முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஸ்பேனர் பிடிக்கிற வித்தை எதுவும் இதில் இல்லை, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். நான் சொல்லப்போவது ரெண்டு மனிதர்களைப் பற்றி. என் சர்வீஸில் எத்தனையோ பெரிய மூளைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது இந்த ரெண்டு பேரைப் பார்த்துத்தான்.

ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போகிற பெரிய ரோடு ஒன்றுக்கு அடியில் குழாய் இழுக்கிற வேலை அது. ரோட்டைத் தோண்ட அனுமதி கிடையாது. கண்டெய்னர் லாரிகள் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் ஒரு பக்கத்திலிருந்து பூமிக்கடியில் துளை போட்டு, மறுபக்கம் நீட்டி வைத்திருக்கிற குழாயை அந்தத் துளை வழியாக இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வர வேண்டும். அங்கே முழுக்க மணல். துளை சரிந்துவிடாமல் இருக்க, களிமண் கரைத்த சேற்றுத் தண்ணீரை ஓயாமல் உள்ளே அடித்துக்கொண்டிருக்க வேண்டும். குழாய் பாதியில் இருக்கும்போது சேறு நின்றுவிட்டால் மணல் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் முன்னாலும் வராது, பின்னாலும் போகாது.

அந்தச் சேற்றை அடிக்கிற மெஷின்தான் என் பொறுப்பு. ஓர் இரும்புச் சட்டத்தில் பெரிய டீசல் என்ஜின், அதற்குப் பின்னால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் பம்ப். ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டால் வேலை முடிகிறவரை அசையாது. அதை ஓட்டியவர் மலைச்சாமி. முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். ஹெல்ப்பராக விமானம் ஏறி வந்து, மற்றவர்கள் லீவு நாளில் படுத்துத் தூங்கியபோது படித்துத் தேறி ஆபரேட்டர் ஆனவர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். மெஷினை மட்டும் வீட்டுப் பாத்திரம் மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். அவர் ஷிஃப்ட் முடித்துப் போன இடத்தில் ஒரு சொட்டு ஆயில் கிடக்காது.

அவர் ஓட்டிய அந்த மெஷினில்தான், துளை போட்டுக்கொண்டிருந்த கட்டத்திலேயே, ஒரு கியர்பாக்ஸ் கருகிப்போனது. கருகிய ஆயில் நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினால் அன்றைக்குச் சோறு இறங்காது. புராஜெக்ட் மேனேஜர் வடக்கத்திக்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. அத்தனை பேர் முன்னாலும் மலைச்சாமியைப் பார்த்து இந்தியில் கத்தினார். அடுத்த கியர்பாக்ஸும் போனால் உன் விசா கேன்சல், அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் என்றார். மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்படி அனுப்பப்பட்டால், மெஷினை எரித்தவன் என்ற பேரும் கூடவே போகும். அந்தப் பேரை வைத்துக்கொண்டு வேறு கம்பெனியில் யார் லீவரைத் தொட விடுவார்கள்?

ஸ்டோரில் இருந்த ஒரே ஒரு மாற்று கியர்பாக்ஸை ஏற்றினோம். அதுவும் சூடானது. காலையில் சமர்த்தாக ஓடும். மதியம் ஆனால் சூடு காட்டுகிற மீட்டரில் முள் எழும்பிவிடும். நான் ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஃபில்டரை மாற்றினேன். ஆயிலைக் குளிர்விக்கிற கூலரில் அடைந்திருந்த மணலை ஊதித் தள்ளினேன். குழாய்களில் மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். மீட்டர் பொய் சொல்கிறதோ என்று வேறு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. சைட்டில் எல்லாரும் வெயில், வெயில் என்றார்கள். முந்தின கோடையில் மட்டும் நிலவா அடித்தது என்று நான் எரிந்து விழுந்தேன். அதே மெஷின் அப்போது ஒழுங்காகத்தானே ஓடியது? அது சின்னத் துளை, லோடு குறைவு என்பது அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோடைக் காலத்தில் மதிய வேளையில் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். எல்லாரும் நிழலுக்குப் போய்விடுவோம். துளை சரியாமல் இருக்கப் பம்ப் மட்டும் கொஞ்சமாகச் சேறு தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது ஆபரேட்டர்கள் கியரை மாற்றாமல் என்ஜின் வேகத்தை மட்டும் இறக்கிவிடுவார்கள். 'மெஷினை ஆராம்ல போடு' என்று அதற்குப் பேர். நமக்கு ரெஸ்ட் என்றால் அதற்கும் ரெஸ்ட். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாரும் செய்வார்கள். வெயில் ஏறினால் வேகத்தைக் குறை என்பது எங்கள் கேம்ப் முழுக்க ஊறிப்போன எண்ணம்.

குழாய் இழுக்கிற நாளுக்கு முந்தின நாள் ஹெட் ஆபீஸிலிருந்து மேடம் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். மெஷின்கள் ஏன் கெடுகின்றன என்று ஆராய்வதுதான் அவர் வேலை. கணவரோடும் பள்ளிக்கூடம் போகிற மகளோடும் துபாயில் குடியிருந்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பெயரை எழுதினால் போன் போட்டுத் திட்டுவார், அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஹெட் ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நாம் பார்த்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து பார்த்துவிட்டு, நாம் சொன்னதையே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதே வேடிக்கைதான் என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நீங்க பாத்ததயெல்லாம் நான் மறுபடி பாக்கப் போறதில்லீங்கண்ணா. உங்க கைமேல எனக்கு நம்பிக்கை இருக்குது. நாம பாக்காதது என்னன்னு மட்டும் யோசிக்கறேன்" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. கட்டிய கையை அவிழ்த்துவிட்டேன்.

பிறகு மலைச்சாமியிடம் போய், "மத்தியானத்துல எப்படி ஓட்டுவீங்கண்ணா?" என்று கேட்டார்.

"ஒழுங்காத்தான் ஓட்டுறேன் மேடம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் வாயைப் பிளந்தாலும் ஒன்றும் வராது. தனியாக வந்ததும் நான் சொன்னேன், "அவன் பேச மாட்டான் மேடம். பயந்துபோய்க் கெடக்கான்."

"பயமுறுத்துனது நாமதானுங்களே" என்றார் மேடம்.

மறுநாள் விடிந்ததும் இழுக்க ஆரம்பித்தோம். ஆரம்பித்தால் நிறுத்த முடியாத வேலை என்பதால் அன்றைக்கு மதிய இடைவேளைக்குப் பதிலாகப் பந்தல் நிழல், ஐஸ் தண்ணீர், ஆள் மாற்றி ஆள் என்று ஏற்பாடு. மலைச்சாமி மட்டும் யாரையும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று லீவர் பக்கத்திலேயே நின்றார். பாதிக்கு மேல் குழாய் நல்லபடியாக வந்தது. மதியத்தை ஒட்டி மணல் அதை இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. இழுக்கிற வேகம் குறைந்ததால், சேற்றையும் கொஞ்சம் குறைத்துக் கொடு என்று டிரில்லிங் ஆட்கள் வாக்கி டாக்கியில் சொன்னார்கள். மலைச்சாமி என்ஜின் வேகத்தை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் கியர்பாக்ஸ் முள் மேலே நகர்ந்தது. அவர் இன்னும் கொஞ்சம் இறக்கினார். முள் சிவப்புக்குள் போய் அலாரம் கத்த ஆரம்பித்தது.

மேனேஜர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "ஆராம் ஸே! ஆராம் ஸே!" மெதுவாக ஓட்டு, இன்னும் மெதுவாக ஓட்டு என்று ஒரே கூச்சல். நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். நிறுத்தினால் குழாயை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் இன்னொருவர். நான் தண்ணீர் ஹோஸை இழுத்து வந்து கூலர் மேல் பீய்ச்சினேன். ஏதாவது செய்துகொண்டிருந்தால் பயம் தெரியாது இல்லையா, அதற்காகச் செய்ததுதான். முள் அசையவே இல்லை.

நாங்கள் எல்லாரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேடம் ஒருத்தர் மட்டும் மலைச்சாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன். அவர் மெதுவாகப் போய் மலைச்சாமிக்குப் பக்கத்தில் நின்றார். அந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சூடு ஏறுனதுக்கு அப்பறம் வேகத்தக் குறைச்சீங்களா, இல்ல வேகத்தக் குறைச்சதுக்கு அப்பறம் சூடு ஏறுச்சுங்களா?"

மலைச்சாமி முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் அந்தக் கேள்வி அப்போதுதான் உறைத்தது. அவர் என்ன பதில் சொன்னாலும் அது இன்றைக்கு மட்டும் உள்ள பதில் இல்லை. குறைத்த பிறகுதான் ஏறியது என்று சொன்னால், முதல் கியர்பாக்ஸை எரித்ததும் அவர் கைதான் என்று அவரே ஒப்புக்கொள்கிற மாதிரி. வெயில் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். அத்தனை பேரும் அதைத்தான் நம்பத் தயாராக இருந்தார்கள்.

"என்னய அனுப்பிருவாங்களா மேடம்?" என்றார்.

வேறு யாராவது இருந்தால், அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அள்ளிவிட்டிருப்பார்கள். நானாயிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். மேடம் சொல்லவில்லை. "அனுப்ப மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்கண்ணா. உங்களுக்காகப் பேசுவேன், அது மட்டும் நிச்சயம். ஆனா இப்ப எனக்கு உண்மை வேணும்."

அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. மலைச்சாமி ஒரு தடவை குழாய் வருகிற திசையைப் பார்த்தார்.

"கொறச்சதுக்கப்பறந்தான் மேடம் ஏறுச்சு. அன்னைக்கும் அப்படித்தான். நான் ஆராம்ல போட்டேன், அதுக்கப்பறந்தான் கருகுச்சு."

சொல்லி முடித்ததும் பெரிய பாரத்தை இறக்கி வைத்த ஆள் மாதிரி மூச்சுவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று நினைத்திருப்பார்கள், நல்ல வேளை.

மேடத்துக்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது என்று உங்களுக்குத் தெரியும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் உள்ளே ஒரு பூட்டு விழுந்து, ரெண்டும் ஒட்டிக்கொண்டு நேராகச் சுழலும். லோடு அதிகமாக இருக்கும்போது வேகத்தைக் குறைத்தால் அந்தப் பூட்டு கழன்றுவிடும். பிறகு ஆயில் உள்ளேயே கடைபட்டுச் சூடாகிக்கொண்டிருக்கும். அதை மேடம் மலைச்சாமிக்கு ஒரே வரியில் சொன்னார்: "கிரைண்டர்ல ரொம்ப நேரம் ஆட்டுனா மாவு சூடாகுதில்லீங்களா, அதேதானுங்கண்ணா உள்ள நடக்குது. ஒரு கியர் இறக்கிட்டு என்ஜின் வேகத்தக் கூட்டுங்க. பம்ப்புக்குப் போற வேகம் மாறாது, பூட்டு விழுந்துரும்."

சொல்வது சுலபம். முள் சிவப்பில் நிற்கிறது, அலாரம் அடிக்கிறது, சுற்றி நிற்கிற அத்தனை பேரும் குறை குறை என்கிறார்கள். அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டு என்கிறார். அவர் கணக்கு தப்பி, கோளாறு வேறு எங்காவது இருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தக் கியர்பாக்ஸும் கருகிவிடும். ஸ்டோரில் வேறு கிடையாது. மலைச்சாமியின் கை லீவர்மேல் இருந்தது, ஆனால் அசையவில்லை. அந்த மனிதரை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

மேடம் என் கையிலிருந்த வாக்கி டாக்கியை வாங்கினார். சைட்டில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கிற லைனில், நிதானமான இந்தியில் பேசினார். இப்போது மலைச்சாமி கியரை இறக்கி வேகத்தைக் கூட்டப்போகிறார், அது என் உத்தரவு, மெஷினுக்கு என்ன ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான் என்றார். சொல்லிவிட்டுத் தன் பெயரையும் சொன்னார். வாக்கி டாக்கியைக் கொடுத்துவிட்டு, "போடுங்கண்ணா" என்றார்.

மலைச்சாமி போட்டார். என்ஜின் உறுமியது. மேனேஜர் ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். முள் இறங்கவில்லை, இன்னும் ஒரு நூல் ஏறியது. நான் மேடத்துக்குப் பின்னால் நின்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகுதான் அவர்மேல் எனக்கு மரியாதை ரெட்டிப்பானது. பயமில்லாதவர் துணிவது ஒரு பெரிய விஷயமா?

பிறகு காலுக்கடியில் இரும்புச் சட்டத்தின் அதிர்வு மாறியது. தடதடப்பு போய் ஒரே சீரான ஓட்டம் வந்தது. உள்ளே பூட்டு விழுந்துவிட்டது. முள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மனமில்லாமல் இறங்க ஆரம்பித்தது. அலாரம் நின்றதும், என்ஜின் சத்தத்தோடு ரோட்டில் லாரிகள் போகிற சத்தமும் கேட்டது. யாரும் கைதட்டவில்லை. மலைச்சாமி லீவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

தம்பிகளே, தங்கைகளே, மெஷின் சூடானால் ஆயிலைப் பாருங்கள், கூலரைப் பாருங்கள், அதெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எது முதலில் நடந்தது என்று ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். அவர் தைரியமாகப் பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள். நாங்கள் அத்தனை அனுபவசாலிகளும் சூடு ஏறியதால்தான் அவர் குறைக்கிறார் என்று நினைத்தோம். திருப்பிப் போட்டுக் கேட்க ஒருத்தருக்குத்தான் தோன்றியது.

சாயங்காலம் குழாயின் மூக்கு இந்தப் பக்கம் வெளியே வந்தது. எல்லாரும் அங்கே ஓடிப்போய்ச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் சைட் ஆபீஸ் கேபினுக்குக் கூப்பிட்டார். மேடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், முதல் கியர்பாக்ஸ் எப்படி எரிந்தது என்பதையும் சேர்த்து. மேனேஜர் முகம் சிவந்தது. "அப்போ இவனே ஒத்துக்கிட்டான், இவன்தான் எரிச்சான்" என்றார் இந்தியில்.

"இங்க இருக்கற எல்லா ஆபரேட்டரும் அப்படித்தான் ஓட்டறாங்க. இவர் ஒருத்தர்தான் அதச் சொன்னார்" என்றார் மேடம், அவரும் இந்தியில். "சொன்னவர அனுப்பிட்டீங்கன்னா, அடுத்த தடவ எனக்கு யார் சொல்லுவா? நான் யாரைக் கேக்கறது?"

மேனேஜர் மலைச்சாமியைப் பார்த்தார். கோபமாகத்தான் கேட்டார், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் அந்தக் குரலில் இருந்தது. "ஏன் சொன்னே? சொன்னா வேலை போகும்னு தெரியும்ல?"

மலைச்சாமிக்கு இந்தி வரும், ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை. தமிழிலேயே சொன்னார். "நான் ஊருக்குப் போயிட்டா, எப்பாடு பட்டாவது திரும்பி வந்துக்கலாம் சார். மண்ணுக்குள்ள மாட்டுன பைப்பு வராது."

மேடம் அதை இந்தியில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். மேனேஜர் மேஜைமேல் மலைச்சாமி கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "யல்லா, கெளம்பு, நாளைக்குக் காலையில டூட்டிக்கு வா" என்றார்.